மழை ஓயாத ஊரில் எந்தப் பூக்கிழங்கை நடுவது?

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டின் முன்வாசலில், கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைக்கும் வேலிக்கும் நடுவே, எட்டடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள மண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் நின்ற செம்பருத்தியை மாவுப்பூச்சி தீர்த்துக் கட்டிய பிறகு, கிழங்கிலிருந்து தானே முளைத்துத் தானே பூக்கும் வகையாக எதையேனும் நடலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. எந்தக் கிழங்கு என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. மனைவிக்குச் சாமிக்குச் சாத்தச் சம்பங்கி வேண்டும். மகளுக்குப் படங்களில் பார்த்த துலிப் வேண்டும். எனக்கோ, தோட்டத்து லயத்தின் வாசலில் அம்மா வளர்த்த சிவப்பு லில்லியைத் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்கவில்லை. தோட்டம் என்று நான் சொல்வது ரப்பர்த் தோட்டத்தை; லயம் என்பது அங்கே தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு. மலேசியத் தமிழருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அதன் பின் ஐந்து ஆண்டுகளாக இந்த மண்ணிலும், பினாங்கு குளுகோரில் என் அக்காள் வீட்டு வாசலிலும் அதே கிழங்குகளைப் பங்கிட்டு நட்டுப் பார்த்துவிட்டோம். ஒரே தாய்க்கிழங்கிலிருந்து பிரித்த பக்கக்கன்றுகள் இரண்டு ஊர்களிலும் இரண்டு விதமாக நடந்துகொண்டதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நிறத்தையும் மணத்தையும் பார்த்துக் கிழங்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள் என்றும், அந்தக் கிழங்குக்கு எத்தனை நாள் வறட்சி தேவை, அந்த வறட்சியை வானம் கொடுக்குமா, இல்லை நாம்தான் கொடுக்க வேண்டுமா என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் எனக்குப் புரிந்துபோயிற்று.

இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து, வெங்காயத்தைப் போலத் திரண்டிருப்பதைத் தாவரவியலார் குமிழம் என்பர். நாம் பொதுவாகக் கிழங்கு என்றே சொல்லிவிடுகிறோம். இங்கும் அப்படியே சொல்கிறேன். கெட்ட காலத்தைக் கடப்பதற்காகச் செடி சேர்த்துவைக்கும் களஞ்சியம் அது. துலிப்புக்குக் கெட்ட காலம் கோடை வறட்சியும் அதைத் தொடர்ந்து வரும் பனிக்காலமும். அந்தக் குளிரைக் கடந்தாயிற்று என்ற அறிகுறி கிடைத்தால்தான் அது பூத்தண்டை உயர்த்தும். அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த கிழங்குகள் பலவற்றுக்கும் மழையற்ற மாதங்களே கெட்ட காலம்; மண் காய்ந்து மறுபடி நனைவதே அவற்றுக்கு அறிகுறி. கோலாலம்பூரில் இரண்டும் இல்லை. பகலில் 32 பாகை, இரவில் 22 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும் வெப்பம், ஆண்டு முழுதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல், மழை குறைந்தது என்று சொல்லப்படும் ஜூன், ஜூலையிலும் மாதத்துக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை. இப்படிப்பட்ட இடத்தில் கிழங்குக்குக் கெட்ட காலமே வருவதில்லை. ஆகவே அது சோம்பேறியாகி, இலையை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கிறது. பினாங்கின் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஆண்டுத் தொடக்கத்தில், குறிப்பாக ஜனவரியிலும் பிப்ரவரியிலும், மழை நன்றாகக் குறைந்து, புல்வெளி பழுப்பேறும் அளவுக்கு வெயில் காய்கிறது. மழை செப்டம்பர், அக்டோபரில்தான் கொட்டுகிறது.

முதலில் மகளின் துலிப்பைத் தள்ளிவிடலாம். துலிப் கிழங்கை 9 பாகைக்குக் கீழே பன்னிரண்டு வாரங்களாவது குளிர வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் காய்கறித் தட்டில் வைத்து அந்தக் குளிரைக் கொடுத்துவிட முடியும். ஆனால் வெளியே எடுத்து நட்ட பிறகு வரும் 32 பாகை வெயிலை என்ன செய்வது? தண்டு நீளாமல் இலைகளுக்கு நடுவிலேயே மொட்டு கருகிவிடும். எங்கள் வீட்டில் நட்ட ஆறில் ஒன்று, சுண்டுவிரல் உயரத்துக்கு வந்து, இரண்டு நாள் நின்று உதிர்ந்தது. பூங்கொத்துகளில் வரும் உண்மையான லில்லியும் அப்படித்தான். கேமரன் மலையில், 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் தானா ராத்தாவின் குளுமையில் வளர்வதை நம் வாசலில் எதிர்பார்க்கக் கூடாது. சீனப் புத்தாண்டுக்கு முன் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துப் பூக்கவைக்கும் நார்சிசஸ் கிழங்கு அழகுதான், ஆனால் அது ஒரு திருவிழாவுக்கு வாங்கும் பூ. தோட்டத்துக்கு வாங்கும் செடியன்று. இந்த ஊரில் நாம் லில்லி என்று அழைக்கும் மழை லில்லி, சிலந்தி லில்லி, சிவப்பு லில்லி ஆகியவற்றில் ஒன்றுகூட லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை அமாரில்லிஸ் குடும்பத்துச் செடிகள். அதனால்தான் லில்லிக்குச் சொன்ன பராமரிப்புக் குறிப்புகள் இவற்றுக்குப் பொருந்துவதில்லை.

அடுத்து, என் மனத்துக்கு நெருக்கமான சிவப்பு லில்லி. கடைகளில் அமாரில்லிஸ் என்ற பெயரில் விற்கப்படும் இதன் சரியான பெயர் ஹிப்பியாஸ்ட்ரம், பூர்வீகம் தென்னமெரிக்கா. இதில் முடிவெடுக்க வேண்டியது நாட்டுச் சிவப்பா, டச்சு ஒட்டுவகையா என்பதைத்தான். நாட்டுச் சிவப்பு என்று நான் சொல்வது, லயங்களின் வாசலிலும் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்து வீடுகளிலும் பல தலைமுறையாகக் கைமாறி வந்த, செம்மஞ்சள் கலந்த சிவப்பில் தொண்டைப் பகுதி பச்சை வெண்மையாக நட்சத்திரம் போல் தெரியும் வகையை. ஒரு தண்டில் இரண்டு முதல் நான்கு பூக்கள், ஆரவாரமில்லாதது. டச்சு ஒட்டுவகையோ, முழங்கை உயரத் தண்டில் விரித்த கையை விட அகலமான பூக்கள், வெள்ளையில் சிவப்புக் கோடு, இரட்டை அடுக்கு என்று பார்த்தவுடன் பையைத் திறக்க வைக்கும்.

அந்தப் பையை நானும் திறந்தேன். பேரங்காடி ஒன்றில் அட்டைப் பெட்டியில் வைத்து விற்ற ஒட்டுவகைக் கிழங்குகள் மூன்றை வாங்கி நட்டதில், ஐந்தே வாரத்தில் ஒவ்வொன்றும் இரண்டு தண்டு விட்டுப் பூத்துத் தள்ளின. தெருவில் போவோர் நின்று பார்த்தார்கள். அதன் பின் இரண்டு ஆண்டுகள் இலையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது, வாங்கும்போது சாத்துக்குடி அளவில் இருந்த கிழங்குகள் சின்ன வெங்காயத்துக்குக் கொஞ்சம் பெரியவையாக வற்றியிருந்தன. காரணம் எளியது. அந்த முதல் பூ, நெதர்லாந்தில் வளர்ந்த காலத்திலேயே கிழங்குக்குள் உருவாகிவிட்ட மொட்டு. நாம் அதைத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான். ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்கு ஏறத்தாழ நான்கு இலை விட்ட பிறகு ஒரு மொட்டை உள்ளே அமைக்கும். அந்த மொட்டு வெளியே வர மாதங்கள் பல ஆகும். எனவே அடுத்த ஆண்டுப் பூ வேண்டுமானால் இவ்வாண்டு இலை கொழுத்திருக்க வேண்டும், அதற்கு நல்ல வெயில் வேண்டும், பின்னர் ஆறு முதல் எட்டு வாரம் தண்ணீர் காட்டாமல் ஓய்வு கொடுக்க வேண்டும். கார் கூரையின் நிழலில் ஆண்டு முழுதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு இலை கிடைத்ததே பெரிது.

நாட்டுச் சிவப்பு இத்தனை பாடு படுத்துவதில்லை. அம்மா விட்டுச்சென்ற ஒரே கொத்தை அக்காளும் நானும் பிரித்துக்கொண்டோம். குளுகோரில் அது மண்ணிலேயே இருக்கிறது. அக்காள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பிப்ரவரியில் இலை தளர்ந்து மஞ்சளாகும். மார்ச்சில் முதல் மழை விழுந்த பத்துப் பதினைந்து நாளில், கிழங்கின் கழுத்துக்கு நடுவிலிருந்து அல்லாமல் ஒரு பக்கமாக, கிளியின் அலகு போல வளைந்த பச்சை முனை எட்டிப் பார்க்கும். புதிதாக நடுவோர் அதை இலை என்று நினைப்பதுண்டு. தொட்டுப் பார்த்தால் இலை தட்டையாக இருக்கும், பூமொட்டு உருண்டு கெட்டியாக இருக்கும். செந்தூலில் மண்ணில் நட்ட பாதி அப்படிப் பூக்கவில்லை. தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டபோது, "மழை படாத இடத்தில் சட்டியில் வை தம்பி, அதுவும் கொஞ்சம் பட்டினி கிடக்கட்டும்" என்றாள் அக்காள். தோண்டி மண்சட்டிக்கு மாற்றி, பொங்கல் முடிந்ததும் கார் கூரைக்கு அடியில் தள்ளி, தண்ணீரை நிறுத்தி, மார்ச் முதல் வாரத்தில் வெயிலுக்கு எடுத்து வந்து நனைத்த பிறகுதான் என் வீட்டிலும் பூத்தது. அன்று முதல் கோலாலம்பூரில் ஹிப்பியாஸ்ட்ரம் சட்டிக்குரிய செடி, பினாங்கில் அது மண்ணுக்குரிய செடி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஊரிலும் நடும் முறை ஒன்றே: கிழங்கின் மேல் மூன்றிலொரு பங்கும் கழுத்தும் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் கழுத்தில் நீர் நின்று அழுகும்.

மழை லில்லியைப் பற்றி எழுத வந்தால் எனக்கு அளவு தெரியாது. செஃபிராந்தஸ் என்ற அதன் பேரினப் பெயருக்கு மேலைக் காற்றின் பூ என்று பொருள். தமிழில் மழையைச் சேர்த்துச் சொல்வதே பொருத்தம். சுண்டைக்காயை விடச் சற்றே பெரிய கிழங்கு, புல் போன்ற இலை, ஒரு தண்டுக்கு ஒரே பூ. பூ ஒரு நாள் நிற்கும், மிஞ்சினால் இரண்டு நாள். தனியாக ஒன்றைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். நூறு கிழங்கு நெருக்கமாக இருந்து, இரண்டு வாரம் மழை இல்லாமல் மண் வெடிப்பு விட்டு, பிறகு ஒரு மாலை இடியோடு கொட்டித் தீர்த்தால், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காலையில் கதவைத் திறக்கும்போது வேலியோரம் முழுதும் இளஞ்சிவப்பாக இருக்கும். நேற்று மாலை வரை அங்கே ஒன்றும் இருந்திருக்காது. குழாய்த் தண்ணீரை ஊற்றியும் பூக்கவைக்கலாம், நான் செய்திருக்கிறேன். ஆனால் மழைக்குப் பூப்பது போல் எல்லாம் சேர்ந்து ஒரே காலையில் பூப்பதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வருகிறது.

கோலாலம்பூருக்கு இந்தக் கிழங்கு ஏற்றதாக இருப்பதற்குக் காரணம், இதற்கு வேண்டிய வறட்சி மிகச் சிறியது என்பதுதான். ஹிப்பியாஸ்ட்ரம் ஆறு வாரம் கேட்கும் இடத்தில் இது பத்துப் பதினைந்து நாளில் திருப்தி அடைந்துவிடுகிறது. அந்தப் பத்து நாளை நம் வானமே ஆண்டுக்குச் சில முறை கொடுத்துவிடுகிறது. என் வாசலில் மார்ச்சிலும், ஜூலை, ஆகஸ்டிலும் நன்றாகப் பூக்கும். நாள்தோறும் மழை பெய்யும் நவம்பரில் வெறும் பச்சைப் புல்லாகக் கிடக்கும். அப்போது குறைசொல்லி உரம் போடுவது வீண். நிறங்களில் இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஆகிய மூன்றும் எளிதில் கிடைக்கும். வெள்ளையின் இலை தடித்து, ஈர மண்ணைத் தாங்கி, ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும். ஆனால் என் வாசலில் அது இளஞ்சிவப்புக்கு ஈடாக ஒருபோதும் பூத்ததில்லை. விளிம்பு கட்ட வெள்ளை, பூப் பார்க்க இளஞ்சிவப்பு என்பது என் கணக்கு. விரற்கடை ஆழத்தில், மூன்று விரல் இடைவெளியில் நட்டால் போதும். காய் வெடித்து விழும் தட்டையான கறுப்பு விதைகளே அடுத்த ஆண்டு செடிகளாகிவிடும் என்பதால், ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க வேண்டியிருக்காது.

வறட்சியே வேண்டாம், மழை எவ்வளவு பெய்தாலும் சரி என்று நிற்கும் கிழங்கு சிலந்தி லில்லி. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் புகையையும் வெயிலையும் தின்றுகொண்டு வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறேழு வெள்ளைப் பூக்கள் ஒரு தண்டின் உச்சியில் வரும். ஒவ்வொரு பூவின் நடுவிலும் மெல்லிய சவ்வுக் கிண்ணமும், அதைச் சுற்றிச் சிலந்திக் கால் போல நீண்ட இதழ்களும் இருக்கும். மாலையில் விரிந்து இரவில் மணக்கும். பராமரிப்பு ஏதும் வேண்டாதவர்களுக்கு இதைவிட நல்ல விடை இல்லை. அதனாலேயே எனக்கு இதில் ஈடுபாடு குறைவு. நான் ஒன்றும் செய்யாமலே பூக்கும் செடியோடு எனக்கு என்ன பேச்சு இருக்கப்போகிறது? இதன் பெரிய உறவு, நாம் விஷமூங்கில் என்றும் மலாய்க்காரர்கள் பாக்குங் என்றும் சொல்லும் கிரைனம். இதுவரை சொன்னவற்றில் உண்மையில் இந்த மண்ணுக்கே சொந்தமானது அது ஒன்றுதான்: மலேசியக் கடற்கரைகளில் தானாக வளர்வது, தண்ணீரில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும் காய் உடையது. ஆனால் ஆள் உயரத்தை நெருங்கும், ஒரு இலை ஒரு மீட்டர் நீளும். மூன்றடி அகல மண்ணில் அதை நட்டால், பிறகு வீட்டுக்காரர்தான் இடம் தேட வேண்டும். கடற்காற்று வீசும் பினாங்குத் தனி வீடுகளுக்கு அது பொருந்தும்.

மனைவி கேட்ட சம்பங்கிக்கு வருவோம். மற்றவை அனைத்தும் பார்ப்பதற்கு. இது ஒன்றே பறிப்பதற்கு. மெக்சிகோவிலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டு வயல்களில் மாலைப் பூவாக மாறிய கிழங்கு இது. நல்ல கதிர் ஒன்றில் கீழிருந்து மேலாக நாள்தோறும் இரண்டு மூன்று பூக்கள் விரியும். இருபது கிழங்கு பூப்பில் இருந்தால் வெள்ளிக்கிழமைப் படத்துக்கு ஒரு சிறு சரம் வீட்டிலேயே கட்டிவிடலாம். இரவில் மணம் ஏறுவதால் மலாயில் இதற்குச் 'சுண்டால் மாலாம்' என்று காரமான பெயர் உண்டு. பூசையறையில் இருக்கும்போது அதன் பொருளை யாரும் கேட்காமலிருப்பது நல்லது. ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு என்ற இரண்டில், சரம் கட்டவும் மணத்துக்கும் ஒற்றையே சிறந்தது. இரட்டை அடுக்கின் மொட்டுகள் தொடர்மழையில் விரியாமலே பழுத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கிழங்கில்தான் எனக்குப் பெரிய இழப்பு ஏற்பட்டது. தீபாவளிக்குப் பூக்கட்டும் என்று ஜூலையில் முப்பது கிழங்கை வேலியோர மண்ணில் நேரடியாக நட்டேன். வரிசை வீடு கட்டும்போது நிரப்பிய மண் அது. மேலே நாலு விரற்கடை கறுப்பு மண், அடியில் செங்கல் துண்டும் பிசுபிசுத்த செம்மண்ணும். செப்டம்பர் வரை இலை நன்றாகவே இருந்தது. அக்டோபர் மழை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் இலைகள் அடியில் வெளுத்துச் சாய்ந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. மண்ணுக்குள் விரலை விட்டு எடுத்த கிழங்கு வெளித்தோல் மட்டும் வடிவாக இருந்து, அழுத்தியதும் பழுப்புக் கூழாக வழிந்தது. அழுகின வெங்காயத்தின் நாற்றம் கையை மூன்று முறை கழுவியும் போகவில்லை. முப்பதில் நான்கு பிழைத்தன. தீபாவளிக்குப் பூக்கடையில் வாங்கிய பூவைத்தான் சாத்தினோம்.

தவறு கிழங்கில் இல்லை. சம்பங்கி கிழங்கை நட்டு மூன்று நான்கு மாதத்தில் பூக்கும். எனவே பூக்கும் மாதத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி நட வேண்டும். கோலாலம்பூரில் மழை குறைந்த ஜூன், ஜூலையில் கதிர் வர வேண்டுமென்றால் பிப்ரவரி இறுதியில் நட வேண்டும். தரைக்கு மேலே ஒரு அடி உயரத்துக்குக் கற்கட்டி, அதில் சுட்ட மண்ணும், அதாவது நாற்றங்காலில் தானா பாக்கார் என்று கேட்டால் கொடுப்பதும், ஆற்று மணலும், உமிக்கரியும் கலந்து நிரப்பிய பிறகு அடுத்த முறை இருபத்தைந்தில் பத்தொன்பது பூத்தன. ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது, பக்கக்கன்றுகள்தான் பூக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதனால் பூப்பு முடிந்ததும் தோண்டி, பிரித்து, நிழலில் ஒரு மாதம் உலர்த்தி, தடித்தவற்றை மட்டும் திரும்ப நடும் வேலை ஆண்டுதோறும் உண்டு. நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் விழாத வாசலில் இதை முயல வேண்டாம். மேற்கு பார்த்த வீட்டுக்காரர்கள் பிற்பகல் வெயிலைத் திட்டுவதை நிறுத்திவிட்டுச் சம்பங்கி நடலாம்.

செங்காந்தளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர், சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு ஒப்புச் சொன்ன பூ என்ற பெருமையெல்லாம் உண்மை. கொல்சிசின் என்ற நஞ்சு செடி முழுதும், குறிப்பாகக் கிழங்கில், உயிரைப் பறிக்கும் அளவுக்கு இருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை. பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீட்டு வாசலில் அதை நட எனக்கு மனம் வரவில்லை. கல்வாழை எங்கும் வளரும், எல்லாருக்கும் தெரியும்; மூன்றடி மண்ணில் மற்ற எதற்கும் இடம் விடாது. சியாம் துலிப் என்று விற்கப்படும் இஞ்சி, மஞ்சள் குடும்பத்துச் செடி, பெயரில் மட்டும் துலிப். ஆனால் துலிப் கேட்ட மகளைச் சமாதானப்படுத்த அதுவே போதுமானதாக இருந்தது. அதன் இளஞ்சிவப்பு மடல்கள் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும். ஆண்டில் சில மாதம் இலையுதிர்த்து மண்ணுக்குள் தூங்கும்போது சட்டியைக் காலி என்று நினைத்துக் குப்பையில் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயிலே விழாத வீடுகளுக்கு ஒரு தனிச்சொல். பினாங்கின் பழைய கடைவீடுகளின் நடுமுற்றமும், கோலாலம்பூர் அடுக்குமாடிகளின் நிழல் மூடிய பலகணியும் மேலே சொன்ன எதற்கும் ஆகா. அங்கே அமேசான் லில்லி என்ற யூக்காரிஸ் ஒன்றே வழி. அகன்ற கரும்பச்சை இலை, தலைகுனிந்த வெள்ளைப் பூக்கள், மெல்லிய மணம். சட்டியில் வேர் நெருங்கி நிற்பதை விரும்பும். அதனால் ஆண்டுதோறும் சட்டி மாற்றுபவர்களுக்குப் பூக்காது. மூன்று நான்கு வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளும்போது மறுபடி ஊற்றினால் ஆண்டுக்கு இரண்டு முறையும் பூக்கும். எங்கள் வீட்டுப் படிக்கட்டின் அடியில் இருக்கும் ஒன்றைப் பார்க்க வருபவர்கள், அதைப் பிளாஸ்டிக் என்று நினைத்துக் கிள்ளிப் பார்த்துவிடுகிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நஞ்சு, புழு, தண்ணீர் ஆகிய மூன்றையும் யோசிக்காமல் நடக் கூடாது. இங்கே சொன்ன அமாரில்லிஸ் குடும்பத்துப் பூக்கிழங்குகளில் லைகோரின் என்ற நச்சுப்பொருள் உண்டு. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், நாய்க்கும் பூனைக்கும் கூட. மழை லில்லிக் கிழங்கைத் தோல் உரித்து வைத்தால் சின்ன வெங்காயத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே தோண்டிய கிழங்கைச் சமையலறை மேடையில் உலர்த்த வேண்டாம். சம்பங்கியில் இந்த அச்சம் இல்லை. அடுத்தது, கறுப்பு உடலில் வெளிர் கோடுகளும் புள்ளிகளுமாக வரும் லில்லிப் புழு. முதலில் இலையின் தோலுக்குள் புகுந்து சுரண்டும். அப்போது இலையில் கண்ணாடி போன்ற திட்டு தெரியும். அன்றே கவனித்து அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் தப்பிக்கலாம். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது என் மழை லில்லிப் பாத்தி முழுதும் தரைமட்டமாகியிருந்தது; புழுக்கள் கழுத்து வழியாகக் கிழங்குக்குள்ளும் இறங்கியிருந்தன. சிலந்தி லில்லியில்தான் அவை முதலில் குடியேறுகின்றன என்பதால், அதை மழை லில்லிக்கு அருகே நடாமல் இருப்பதே என் பரிந்துரை. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர்த் தூளைக் கரைத்து மாலையில் தெளித்தால் சிறு புழுக்கள் அடங்கும். பெரியவற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, சட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கிழங்கின் அடியில் நீர் நிற்பது அழுகலுக்கு அழைப்பு; தட்டில் நிற்கும் நீரோ ஏடிஸ் கொசுவுக்கு வீடு. சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது முதலில் பார்ப்பது பூச்சட்டித் தட்டைத்தான், கொசுப்புழு இருந்தால் 500 ரிங்கிட் அபராதம். கிழங்கின் நலனும் சட்டமும் இப்படி ஒத்துப்போவது அரிது. உரத்தில், இலைக்காகப் போடும் தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல்சத்து கூடிய 12-12-17 குருணையை மாதம் ஒரு தேக்கரண்டி, இலை வளரும் காலத்தில் மட்டும் போட்டால் போதும். ஓய்வில் இருக்கும் கிழங்குக்கு எதுவும் வேண்டாம்.

வாங்கும் இடமும் முடிவைப் பாதிக்கிறது. 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பைச் சுற்றி, அங்கே வாழ்ந்தவர்களின் உழைப்பில் வளர்ந்த சுங்கை பூலோ நாற்றங்கால்களில், பெட்டியில் அடைத்த உலர்ந்த கிழங்கை அல்லாமல், சட்டியில் இலையும் பூவுமாக நிற்கும் செடியையே வாங்கலாம். ஏற்கெனவே நம் வெயிலில் பூத்த செடி என்பதற்கு அந்தப் பூவே சான்று. நாட்டுச் சிவப்பு அங்கேயும் எப்போதும் கிடைப்பதில்லை. அதற்குப் பழைய வீட்டு வாசல்களைப் பார்த்துக் கேட்டு வாங்குவதே வழி. கேட்டவருக்குக் கொடுக்காதவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஐந்து ஆண்டுச் சோதனைக்குப் பின் எங்கள் எட்டடி மண்ணில் இப்போது இருப்பது இது: வேலியோரம் முழு நீளத்துக்கும் இளஞ்சிவப்பு மழை லில்லி, அதன் முன்விளிம்பில் ஒரு வரி வெள்ளை, மேற்கு வெயில் விழும் மூலையில் கற்கட்டிய பாத்தியில் ஒற்றைச் சம்பங்கி, கார் கூரைக்குள்ளும் வெளியிலுமாக இடம் மாறிக்கொண்டிருக்கும் ஐந்து சட்டிகளில் அம்மாவின் சிவப்பு. ஒட்டுவகைக் கிழங்குகள் மூன்றையும் பினாங்குக்கு அனுப்பிவிட்டேன். ஜனவரி முழுதும் அக்காள் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. மூன்றில் ஒன்று மட்டும் மார்ச் இறுதியில் தண்டு விட்டதாகப் படம் அனுப்பினாள். மொட்டு இன்னும் விரியவில்லை, வெள்ளையில் சிவப்புக் கோடா, வெறும் சிவப்பா என்று பெட்டியைத் தொலைத்துவிட்ட எனக்கும் நினைவில்லை.